பெட்டிக்குள் ஒரு சத்தம்

அலாஸ்காவில் புறப்பட்ட சிலர்
புன்தா அரேனாஸில் என் கடை வாசலில் வந்து முடிகிறார்கள்.
இதற்குத் தெற்கே சாலையே இல்லை என்று நினைப்பு.
இருக்கிறது, கொஞ்ச தூரம்.
நான் சொல்வதில்லை.

பதினேழு வருஷமாக அவர்களுக்குப் பெட்டி கட்டுகிறேன்.
கண்டத்தை மிதித்துக் கடந்தவருக்குப்
பெடலைக் கழற்றத் தெரியாது.
இடது பெடல் எதிர்ப்பக்கமாகச் சுழலும் என்று
ஒவ்வொரு கோடையிலும் யாருக்காவது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கடைத் தரையில் கிடப்பது
என் பச்சை சைக்கிள்.
பின்கம்பியில் நான் பற்றவைத்த தழும்பு
அழகில்லை, ஆனால் பிடித்துக்கொண்டிருக்கிறது.

சீட்டுக் கம்பி நின்ற உயரத்தில்
சிவப்பு டேப் ஒரு சுற்று.
பின் கியரைக் கழற்றி உள்பக்கம் கட்டி
அடுப்படிக் கையுறை ஒன்றை மாட்டிவிட்டேன்.
செயினுக்குப் பழைய காலுறை.
ஹேண்டில்பார்
கைதானவனைப் போல
சட்டத்தோடு சேர்ந்து நிற்கிறது.

டயரில் பாதிக் காற்றை இறக்கினேன்.
வெளியே வேண்டிய மட்டும் காற்று.
நடப்பவர்கள் பிடித்துக்கொள்ள
நகராட்சி தெருமுனையில் கயிறு கட்டியிருக்கிறது.

முன்சக்கரம் போன இடத்தில்
ஃபோர்க்கின் இரண்டு விரல்களுக்கு நடுவே
அளவாக அறுத்த மரத்துண்டு.
"இது எதற்கு?" என்றான் தகோபெர்த்தோ.
வேலைக்குச் சேர்ந்து எட்டு வருஷம்,
கேட்பது இதுதான் முதல் தடவை.
யாராவது மேலே உட்கார்ந்தால் விரல்கள் நெருங்கிவிடும் என்றேன்.
"பெட்டி மேல் யார் உட்காருவார்கள், நெவென்கா?"

அடுப்பின் பெட்ரோல் குப்பியை அவனிடமே கொடுத்தேன்,
எத்தனை கழுவினாலும் நாற்றம் காட்டிக்கொடுக்கும்.
விளக்கின் பேட்டரி கைப்பையில், என்னோடு.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறினேன்.
பிறகு என்னை நானே கழித்தேன்.
இருபத்து நாலரை.
அனுமதி இருபத்து மூன்று.
பூட்டை வெளியே எடுத்தேன், சரியாக ஒன்றரைக் கிலோ.
திருடன் வந்தால் பேசிப் பார்க்கலாம்.

கடைசி டேப் ஒட்டும் முன்
பெட்டியைக் குலுக்க வேண்டும், கடையின் ஒரே சட்டம்.
சத்தம் வந்தால் பிரி.
குலுக்கினோம்.
பனி விழுகிற அமைதி.

விமான நிலையத்தில் யாஸ்னா
தலை நிமிராமல் கேட்டாள்:
"இன்று யாருடையது?"
"என்னுடையது."
அப்போது நிமிர்ந்தாள்.
"அரிக்கா வரைக்குமா?
திரும்பி வர டிக்கெட் காணோமே?"
"மிதித்து வருகிறேன்."
நாட்டின் வடகோடியிலிருந்து தென்கோடிக்கு.
என் கடை வாசலில் முடிய
எனக்கும் ஒருமுறை ஆசை இருக்காதா?

பையன் பெட்டியைச் சாய்த்தான்.
உள்ளே ஏதோ ஒன்று, சின்னது,
இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு
நிதானமாக உருண்டு போனது.

மூவரும் கேட்டோம்.
"பிரிக்கிறாயா?" என்றாள் யாஸ்னா, கத்தரியை நீட்டி.
பின்னால் வரிசை.
கைக்குழந்தைக்காரி ஒருத்தி,
எண்ணெய்க் கிணற்று ஆட்கள் நாலு பேர்.

வால்வு மூடியாக இருக்கலாம்.
பேரிங் குண்டாக இருக்கலாம்.
காலையிலிருந்து தகோபெர்த்தோ தேடுகிற
சட்டைப் பொத்தானாகவும் இருக்கலாம்.
வேறு எவருடைய பெட்டியென்றாலும்
இந்நேரம் கிழித்திருப்பேன்.

"போகட்டும்" என்றேன்.
ரப்பர் திரைகள் அதன் முதுகைத் தடவி
உள்ளே வாங்கிக்கொண்டன.

ஜன்னல் இருக்கை.
கீழே வண்டியில் என் பெட்டி படுத்துக் கிடக்கிறது.
நான் வரைந்த 'மேல்நோக்கி' அம்பு
ஆர்ஜென்டினாவைக் காட்டுகிறது.
மஞ்சள் அங்கிக்காரர் ஒருவர் வந்தார்,
இடுப்பைப் பிடித்துக்கொண்டார்,
அதன் மேல் உட்கார்ந்து
சாவகாசமாக ஷூ நாடாவைக் கட்டினார்.

உட்காருங்கள், ஐயா.
மரத்துண்டு இருக்கிறது.